சுவருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்

"ஒங்கண்ணன் சிங்கப்பூர்ல எங்க இருக்கான்மா?"

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டு யோகேஸ்வரி ஆண்ட்டி என்னிடம் இப்படிக் கேட்டபோது, அண்ணன் பக்கத்து வீட்டுக் கொடியில் கைலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஆண்ட்டி நின்ற இடத்திலிருந்து அவன் முழுதாகத் தெரிந்தான். அவன் கை அசைத்தான். ஆண்ட்டியும் கை அசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பக்கத்துலதான்" என்றேன்.

"உட்லண்ட்ஸா? அப்ப நல்லதுதான். பாலத்தத் தாண்டுனா நம்ம ஊரு. போன்ல பேசுனா நான் கேட்டேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். கைலியை உதறிக்கொண்டிருந்த அண்ணனும் தலையாட்டினான்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் யோங் பெங்கில் சிங்கப்பூர் போவது ஒன்றும் புதிதில்லை. கைவேலை தெரிந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் போனார். பல் டாக்டரிடம் இருந்த நர்ஸ் போனார். கல்யாண வீடுகளில் உறுமி அடிக்கிறவர்கூட அங்கே கிரேன் ஓட்டுகிறார். குழாய் ஒழுகினால் சனிக்கிழமை வரை வாளி வைத்துக் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை அவர் ஊருக்கு வருவார். வந்து, குழாயைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் ரேட் கேட்பார்.

அண்ணன் ரூபேந்திரன் லிஃப்ட் டெக்னீஷியன். யோங் பெங்கில் இருந்துகொண்டு லிஃப்ட் ரிப்பேர் தெரிந்திருப்பது, காஹாங் செம்பனைக் காட்டுக்குள் இருந்துகொண்டு கப்பல் ஓட்டத் தெரிந்திருப்பது மாதிரி. தினமும் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு குளுவாங்குக்கும் பத்து பகாட்டுக்கும் ஓடுவான். "அங்க ஒரே ரோட்டுல நாப்பது லிஃப்ட் இருக்கு மச்சான். நீ நடந்தே போயி வேலை பாக்கலாம்" என்று அவன் கூட்டாளி தீபன் சொன்னான். தீபன் ஏற்கெனவே அங்கே கப்பல் பட்டறையில் இருக்கிறான்; வாரக் கடைசியில் காரில் ஊருக்கு வந்துபோவான். அவன்தான் ஒரு கம்பெனியில் பேசி இடம் பிடித்துக் கொடுத்தான். அண்ணன் இங்குள்ள வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இன்றைக்கு நாளைக்கு என்று வேலை பாஸ் மட்டும் வரவில்லை.

பாஸ் வராவிட்டால் என்ன, நல்ல நாள் வந்துவிட்டது. அதுதான் அம்மாவின் கணக்கு.

அம்மா கும்பிடுகிற சாமிகள் பல. பயப்படுவது ஒரு சீப்புக்கு மட்டும். நான் பிறப்பதற்கு முன், அப்பா வீரமுத்து நல்ல வெல்டராக இருந்தாராம். சிங்கப்பூரில் வேலை கிடைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வாசல்படி இறங்கியவர், பஸ் வருவதற்குள் ஓடிவந்து வீட்டுக்குள் விட்டுப்போன சீப்பை எடுத்தார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த வேலையில் வேறு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத் திரும்பிவந்த அப்பா, இன்றுவரை செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது அவர் தலையில் வாருவதற்கு முடி இல்லை. சீப்பு மட்டும் இருக்கிறது. மற்ற வீடுகளில் எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி, அம்மா அதை வாசல் நிலைக்கு உள்பக்கம் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.

நல்ல நாள் குறித்தவர் சதாசிவம் பெரியப்பா. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கைப்பேசியில் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்.

"பொதன்கெழமைய விட்டா இவன் ஜாதகத்துக்கு அடுத்த மாசம்தான்" என்றார்.

"பாஸே வரலயே பெரியப்பா, நான் எங்க போறது?" என்றான் அண்ணன்.

"அதுக்குத்தான் பரஸ்தானம்னு ஒண்ணு இருக்கு. நல்ல நேரத்துல பையக் கொண்டுபோயி பக்கத்து வீட்ல வெச்சிட்டா, பயணம் கெளம்புனதா அர்த்தம். அப்புறம் எப்ப வேணும்னாலும் போலாம்."

அம்மா யோசித்தார். "பையி மட்டும் போனா பைக்குத்தான் வேலை கெடைக்கும். ஆளும் போவட்டும்."

அப்படித்தான் புதன்கிழமை காலையில் அண்ணனுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, விபூதி பூசி அனுப்பினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றான். அம்மா அழுதார். நானும் அழுதேன். அவன் கேட்டைத் திறந்து ரோட்டில் இறங்கி, இடது பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போனான். எல்லைச் சாவடியில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்த கிபாயத்துல்லா பாய், "வெல்கம் டு சிங்கப்பூர்" என்றார்.

பெரியப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வேலை இடத்தில் கால் வைக்கும்வரை அண்ணன் எங்கள் வாசல்படியை மிதிக்கக்கூடாது. மறந்துபோன எதையும் திரும்ப எடுக்கக்கூடாது. பெரியப்பா சொல்லாவிட்டாலும் அதைச் சீப்பு சொல்லியிருக்கும்.

பாய் ரோட்டு முனையில் உணவுக்கடை வைத்திருக்கிறார். அவரும் அவர் மனைவி ஜாஹிதா ஆண்ட்டியும் அண்ணனுக்கு முன்னறையைக் கொடுத்தார்கள். கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசுகிற மாஸ்டர் போன மாதம்தான் சிங்கப்பூர் போயிருந்தார். சும்மா இருக்கிற நேரம்தானே என்று அண்ணன் கடைக்குப் போனான். நான்கைந்து நாளில் ரொட்டி வீசப் பழகிக்கொண்டான்.

"எங்க மாஸ்டரு சிங்கப்பூர் போயிட்டாரு, சிங்கப்பூர் வந்தவன் எங்க கடையில நிக்கிறான். கணக்கு சரியாயிருச்சு லா" என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ரொட்டி சாப்பிட வந்தவர்கள், "எப்ப வந்த?" என்று அண்ணனைக் கேட்டார்கள்.

"நான் இன்னும் போகவே இல்லண்ணே."

"அதான் பாத்தேன். சிங்கப்பூர் போனா ஒடனே பேச்சு மாறிடும்."

இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். ஆனால் அம்மா அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். மகன் வெளியூரில் இருக்கும்போது எப்படிப் பார்ப்பது? துணி காயப்போட வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பேச வேண்டுமென்றால் சமையலறைக்குப் போய்க் கைப்பேசியில் கூப்பிடுவார். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் எடுப்பான். இரண்டு பேருடைய குரலும் எனக்கு இரண்டு இரண்டு முறை கேட்கும்.

"அங்க மழையாடா?"

"மழைதாம்மா."

"இங்கயும் மழைதான். சாப்டியா?"

"இனிமேதான்."

"பாத்து இருடா. ஊரு புதுசு."

போனை வைத்ததும், "கொரலு எளச்சிப் போச்சு" என்பார் என்னிடம்.

அதனால் சாப்பாடு அனுப்பத் தொடங்கினார். மீன் குழம்பு டப்பாவை டேப் போட்டு ஒட்டி, மேலே அண்ணன் பெயரையும் 'சிங்கப்பூர்' என்றும் எழுதி என்னிடம் கொடுப்பார். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதால் பகலில் வீட்டில் இருப்பவள் நான்தான். எனவே சிங்கப்பூருக்குப் போகிறவளும் நான்தான். சுவருக்கு மேலாகக் கொடுக்கலாமே என்று முதல் நாள் கையை நீட்டினேன். "சிங்கப்பூருக்கு எவளாச்சும் செவரேறிப் போவாளா?" என்று அம்மா அதட்டினார். கேட்டைத் திறந்து, ரோட்டில் இறங்கி, சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்பளத்தைப் பொரிக்காமல் கொடுப்பார். போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடுமாம்.

அங்கே பாய் கேட்டில் நிற்பார். "பாஸ்போர்ட்?" என்பார். உள்ளங்கையைக் காட்டுவேன். உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டோ சரியில்ல. ஆனா போ. முப்பது நாளைக்கு மேல தங்கக்கூடாது" என்பார்.

எனக்கு அது பிடித்திருந்தது. யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று வாய் வராது; பாய்க்கு வாயால் பதில் சொல்லத் தேவையில்லை.

பாஸ் ஒரு வியாழக்கிழமை வந்தது. தீபன்தான் போன் செய்தான். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டான். "மச்சான், வந்துருச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானமா நான் வண்டி எடுக்கும்போது நீயும் ஏறிரு. திங்கக்கெழம காலையில நீ அங்க நிக்கணும். நிக்கலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவானுங்க. பெக்கோக் ஊருல ஒருத்தன் சட்டையெல்லாம் தேச்சி ரெடியா வெச்சிருக்கான்."

அம்மா சமையலறையில் கைதட்டியது கேட்டது. அண்ணன் பையை எடுத்து வாசலில் வைத்து அடுக்கினான். அடுக்கிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்தான். இத்தனை நாளில் முதல்முறையாகச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டான்.

"அம்மா! பாஸ்போர்ட் எங்க?"

அம்மா வெளியே வந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்லபடியாகப் போய்வரட்டும் என்று, பரஸ்தானத்துக்கு முந்தின நாள், பாஸ்போர்ட்டைச் சாமி மேடையில் முருகன் படத்துக்கு அடியில் வைத்துப் பூப் போட்டிருந்தார். புதன்கிழமை அழுத அழுகையில் எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டார். அண்ணன் பாஸ்போர்ட் இல்லாமல் சிங்கப்பூர் போயிருந்தான்.

பெரியப்பாவைக் கூப்பிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவும் பெரியப்பாவும் நானும். அந்தப் பக்கம் அண்ணனும் பாயும். இரண்டு நாட்டுப் பேச்சுவார்த்தை மாதிரி இருந்தது.

"இவ கையில குடுத்து விடுங்க. சோறு வர்ற மாதிரி அதுவும் வந்துரும்" என்றார் பாய்.

"சோறு நான் அனுப்புறது பாய். இது மறந்தது" என்றார் அம்மா.

"அப்ப செவத்து மேல வெய்ங்க. காக்கா தள்ளி விட்டுருச்சுன்னு நெனச்சுக்குவோம்."

"அம்மா, கை நீட்டுனா எட்டும்மா!" என்று அண்ணன் கையை நீட்டிக் காட்டினான். எட்டியது.

"ஒங்கப்பாவுக்கும் சீப்பு எட்டுற தூரத்துலதான்டா இருந்துச்சு."

பெரியப்பா கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "மறந்ததப் போயி எடுத்தாதான் தோஷம். அது தானா வந்து சேர்ந்தா தோஷமில்ல."

"தானா எப்படி வரும்?"

"கூரியர்ல வரும்."

வெள்ளிக்கிழமை காலையில் நான் டவுனுக்குப் போய் கூரியர் கடையில் உறையைக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அனுப்புநர் விலாசத்தைப் பார்த்தார். பெறுநர் விலாசத்தைப் பார்த்தார். மறுபடி முதலாவதைப் பார்த்தார். நடந்து போனால் சீக்கிரம் போய்விடுமே என்று மலாயில் சொன்னார். விளக்கிச் சொல்ல மலாயிலும் எனக்கு வாய் வரவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் வந்திருக்காது. சிரித்தேன். அவரும் பாவம் என்று நினைத்துக்கொண்டு சீட்டைக் கொடுத்தார்.

அன்று மாலை அண்ணன் கைப்பேசியில் உறை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்கு வர வேண்டிய உறை யோங் பெங்கை விட்டுக் கிளம்பி, நெடுஞ்சாலையில் தெற்கே போய், ஜொகூர் பாருவில் இறங்கியிருந்தது. எல்லா உறைகளையும் அங்கேதான் பிரிப்பார்களாம்.

"அலமாக், அது என்னைவிட முன்னாடி பார்டருக்குப் போயிருச்சு!" என்று கத்தினான்.

அம்மாவுக்குச் சந்தோஷம். "நல்ல சகுனம்" என்றார். சனிக்கிழமையும் அது அங்கேயே இருந்தது. பாஸ்போர்ட் எல்லையிலும் ஆள் ரொட்டிக்கல்லிலுமாக அந்த நாள் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் வீட்டில் எல்லாரும் கடைக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு கூட்டம். பாய் கடையில் அண்ணனுக்கு அதுதான் கடைசி நாள். நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கூரியர்க்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். பாய் வீட்டுக் கேட்டில் ஹாரன் அடித்தார். எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜிரான்?" என்றார். பக்கத்து வீடா என்று கேட்கிறார். ஆமாம், பக்கத்து வீடுதான். தலையாட்டினேன்.

உறையை என் கையில் வைத்து, எங்கள் வாசலோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "தெரிமா காசே, டிக்" என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம், இங்கே கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை நாக்குக்கு வருவதற்குள் வண்டி முனையைத் தாண்டிவிட்டது. அப்படிச் சட்டென்று பேச வந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன்.

அம்மா உறையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"திரும்பி வந்துருச்சு" என்றார். அப்பாவைப் பார்த்து, "ஒங்கள மாதிரியே" என்றார்.

பெரியப்பாவைப் போனில் கேட்டதற்கு, போன பொருள் வீடு திரும்பினால் போன பயணமும் வீடு திரும்பியதாகத்தான் அர்த்தம், இனி புதிதாக நாள் பார்க்க வேண்டும் என்றார். நாள் பார்க்கலாம். பெக்கோக்கில் சட்டை தேய்த்து வைத்திருப்பவன் காத்திருப்பானா?

கைப்பேசியில் எங்கள் வாசல் போட்டோவைப் பார்த்துவிட்டு அண்ணன் போன் செய்தான். இந்த முறை சமையலறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கடையிலிருந்து பாயோடும் ஜாஹிதா ஆண்ட்டியோடும் வந்து சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் கைகளில் மாவு காய்ந்திருந்தது.

"நான் உள்ள வந்து எடுத்துக்கிறேம்மா. ஒரு நிமிஷம்."

"உள்ள வந்தா நீ வந்தவன்டா. போனவன் இல்ல."

"அப்ப நான் எங்கயும் போகல. இங்கயே இருந்துர்றேன். ரொட்டி நல்லா வருது" என்றான். போனை வைத்துவிட்டான்.

ரொட்டி மாஸ்டர் இல்லாமல் தவித்த பாய் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் அப்பா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எந்தப் பேச்சிலும் அவர் கலந்துகொள்வதில்லை. கலந்தால் பேச்சு சீப்பில் போய் முடியும். தட்டை வழித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அது திரும்பி வரல கிருஷ்ணம்மா. பார்சலு இன்னும் சேரவே இல்லையே. கூரியர்க்காரன் மிச்ச வழிய விட்டுட்டுப் போயிட்டான். யாராச்சும் கூரியரு மிச்சத்தக் கொண்டுபோயிக் குடுத்தா முடிஞ்சிரும்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். வெகுநாள் கழித்து அவரை அப்படிப் பார்த்தார்.

"கூரியர்க்காரன் எப்படி இருந்தான்?" என்று என்னைக் கேட்டார்.

"தொப்பி போட்டிருந்தாரு" என்றேன்.

அம்மா எழுந்து அப்பாவின் ஆலைத் தொப்பியை எடுத்துக் கொண்டைக்கு மேல் அழுத்திக்கொண்டார். உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படி இறங்கினார்.

"கிருஷ்ணம்மா! சிலிப்பரு!" என்று அப்பா கத்தினார்.

அம்மா திரும்பவில்லை. எப்படித் திரும்புவார்? இறங்கியாயிற்று. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு, குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து, இடது பக்கம் திரும்பிப் பாய் வீட்டுக் கேட்டுக்குப் போனார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் தீபனின் காரும் வந்து நின்றது. அவன் கண்ணாடியை இறக்கினான், தொப்பியைப் பார்த்தான், எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பாய் பழக்கதோஷத்தில் "பாஸ்போர்ட்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா உறை மேல் மலாயில் எழுதியிருந்த, அப்பா பெயர் சேர்ந்த முழுப் பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "ரூபேந்திரன் ஆனாக் லெலாகி வீரமுத்து. யாருங்க?"

அண்ணன் பாயைப் பார்த்தான். பிறகு முன்னால் வந்தான். "நான்தாங்க."

"ஐசி காட்டுங்க."

அண்ணன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தான். அம்மா அதை வாங்கி, படத்தைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். இரண்டு வாரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் நன்றாகப் பார்த்தார். கூரியர்க்காரர்கள் அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

"படத்துல குண்டா இருக்கீங்க. இப்ப எளச்சிட்டீங்க" என்றார்.

"சாப்பாடு ஒத்துக்கல."

"யாரு சமைக்கிறது?"

"எங்கம்மா."

தீபன் காருக்குள் குனிந்துகொண்டான். அம்மா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "உப்பு கொறைக்கச் சொல்லுங்க ஒங்கம்மாவ" என்றார். "கையெழுத்து போடுங்க."

தாள் இல்லை. பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அம்மா உள்ளங்கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையைத் தன் மாவுக் கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினான். சுருக்கிப் போடுகிறவன் அன்றைக்குச் சுருக்கவில்லை. எழுதி முடித்தும் கையை விடவில்லை. அம்மாதான் உருவிக்கொண்டார். உறையை அவன் கையில் வைத்தார்.

ஜாஹிதா ஆண்ட்டி பையைக் கொண்டுவந்து காரில் வைத்தார். அண்ணன் வாயைத் திறந்தான். அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. சொல்ல வேண்டியதை அந்தப் புதன்கிழமையே சொல்லியாயிற்று. இரண்டாம் தடவை சொன்னால் முதல் தடவை போகவில்லை என்று ஆகிவிடும். தவிரவும், கூரியர் கொண்டுவந்தவரிடம் யார் போய்வருகிறேன் என்று சொல்கிறார்கள்?

அண்ணன் கீழே பார்த்தான். அம்மாவின் கால்கள் சூட்டில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தன. தன் சிலிப்பரைக் கழற்றி, அம்மாவுக்கு நேராகத் திருப்பி வைத்தான். வெறுங்காலோடு போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். தீபன் வண்டியை எடுத்தான். பாய் வீட்டைத் தாண்டி, எங்கள் வீட்டைத் தாண்டி, என்னையும் தாண்டி, கடை முனையில் கார் திரும்பியது. ஹாரன்கூட அடிக்கவில்லை.